காட்டுச் சாலையில் அம்மாவை எங்கே இறக்குவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் விடுமுறைப் பக்கத்தில் காடுகளைக் காரில் சுற்றிவர ஒரு வழி போட்டிருந்தீர்கள். சத்தியமங்கலம், பந்திப்பூர், முதுமலை, ஊட்டி, திரும்ப மேட்டுப்பாளையம். அதைக் கத்தரித்துக் கார் கண்ணாடிக்குக் கீழே செருகிக்கொண்டு, 2025 காலாண்டு விடுமுறையில் ஈரோட்டிலிருந்து நாங்கள் ஆறு பேர் போய்வந்தோம். வழி சரியாகத்தான் இருந்தது. எங்கே டிபன் சாப்பிடலாம், எந்த இடத்தில் போட்டோ நன்றாக வரும் என்பது வரை எழுதியிருந்தீர்கள். எங்கே ஒண்ணுக்குப் போவது என்று மட்டும் எழுதவில்லை. சிரிக்க வேண்டாம், இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான். நடுவில் யானையும் வரும்.

நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். காரில் நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன், என் அம்மா, மாமனார். அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு, காலையில் ஒரு நீர் மாத்திரை. அதை விழுங்கினால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் மூன்று நாலு தடவை போக வேண்டியிருக்கும். என் கடைக்கு வரும் பெரியவர்கள் பலர், முக்கியமாகப் பெண்கள், வெளியூர் போகிற நாளில் அந்த மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், தண்ணீரும் குடிப்பதில்லை. ஊர் திரும்பிய மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு என்று என்னிடமே வந்து நிற்பார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். இந்தப் பயணத்துக்கு அப்புறம் திட்டுவதில்லை.

தேசியப் பூங்கா என்றதும் என் மகன் கேட்ட முதல் கேள்வி, அங்கே ஊஞ்சல் இருக்குமா என்பது. தப்பு அவன் மேல் இல்லை, பூங்கா என்று பெயர் வைத்தவர்கள் மேல்தான். அதோடு, சத்தியமங்கலம் தேசியப் பூங்காவே கிடையாது, 2013-ல் அறிவித்த புலிகள் காப்பகம். பந்திப்பூரும் முதுமலையும்தான் இரண்டு பெயரையும் சுமப்பவை. வழியில் இதையெல்லாம் நான் விளக்க, பின் சீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை.

திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவில் வண்டி விடுவதில்லை. கார்களுக்கு ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை தடை. ரோட்டில் அடிபட்டுச் செத்த சிறுத்தைகளும் மான்களும்தான் காரணம். தாளவாடி மலைக்காரர்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள், ராத்திரி அவசரத்துக்குக் கீழே இறங்க வேண்டியவர்களின் கஷ்டம் வேறு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களைப் போலச் சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு ஆறு மணிக்குக் கதவு திறந்தால் போதும். பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆறேகாலுக்கு ஏற ஆரம்பித்தோம். 27 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் லாரிக்கு ஒதுங்கி, லாரி நமக்கு ஒதுங்கி, திம்பம் வந்து சேர்ந்தபோது மேகம் ரோட்டில் உட்கார்ந்திருந்தது. மாமனார் டீ குடித்தார், நடந்து போய் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றார், வந்தார். இரண்டு நிமிடம். அம்மாவும் மனைவியும் காருக்குள்ளிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ குடிக்கவில்லை.

ஆசனூர் தாண்டிக் காராப்பள்ளம் சோதனைச்சாவடி. கர்நாடகப் பக்கமிருந்து சத்திக்குக் கரும்பு ஏற்றிவரும் லாரிகள் இந்த வழியாக வருவது எல்லாருக்கும் தெரியும், யானைகளுக்கும் தெரியும். அன்றைக்கு ஒரு தாயும் குட்டியும் ரோட்டோரம் நின்றிருந்தன. குட்டி தாயின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் நின்று, கீழே விழுந்திருந்த ஒரு கரும்பைத் தும்பிக்கையால் எடுக்கப் பார்க்கிறது, வழுக்குகிறது, மறுபடி எடுக்கிறது, கடைசியில் காலால் மிதித்து உடைத்து ஒரு துண்டை மட்டும் வாய்க்குக் கொண்டுபோனது. தாய் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, வரப்போகும் லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு அரசு பஸ். அந்த டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, விளக்கைப் போட்டு அணைக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, பொறு என்று பின்னால் இருப்பவர்களுக்குக் காட்டியபடி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு காரிலிருந்து நாலு பையன்கள் இறங்கி மொபைலை நீட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். சாவடிக்காரர் விசில் ஊதிக் கத்தித் திரும்ப உள்ளே ஏற்றினார். அந்த ஆகஸ்டில்தான் பந்திப்பூர் ரோட்டில் ஒருவர் யானையோடு செல்பி எடுக்கப் போய், அது துரத்தி வந்து, கீழே விழுந்து மிதிபட்டு உயிர் தப்பிய வீடியோ எல்லார் மொபைலிலும் வந்தது. 25 ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். பையன்கள் அதைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

சாமராஜநகர், குண்டல்பேட்டை என்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோபாலசாமி பெட்டா பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பந்திப்பூர்க் காட்டுக்குள் இருக்கும் மலைக்கோயில் அது. சொந்த வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட வேண்டும், மேலே கர்நாடக அரசு பஸ்ஸில்தான் போக முடியும். முதலில் எனக்கு எரிச்சல்தான், வரிசையில் நிற்க வேண்டுமே என்று. பஸ் ஏறிய அப்புறம்தான் வித்தியாசம் தெரிந்தது. நடுவழியில் நிறுத்துவது இல்லை, பாட்டு இல்லை, ஜன்னல் வழியே சிப்ஸ் பாக்கெட் பறக்கவில்லை, டிரைவரான நானும் முதல் தடவையாக வெளியே பார்த்தேன். அம்மா கோபாலசாமியைப் பனிமூட்டத்தில் பார்த்து அழுதே விட்டார்.

சாயங்காலம் வனத்துறை பஸ்ஸில் சபாரி. 2022 கணக்கெடுப்பில் பந்திப்பூரில் 150 புலி, முதுமலையில் 114 என்று நான் வீட்டிலேயே படித்துச் சொல்லியிருந்தேன், ஆகவே ஒன்றாவது வரும் என்று மகன் நம்பிக்கையாக இருந்தான். புள்ளிமான், காட்டெருமை, மயில், மறுபடி புள்ளிமான். மழை முடிந்து புல் இடுப்புயரம் நிற்கிற காலத்தில் அவ்வளவுதான், கோடையில் வந்தால் தண்ணீருக்கு எல்லாம் வெளியே வரும் என்றார் டிரைவர். மகன் அவரிடம், அப்ப இந்த 150-ஐ யாரு எண்ணுனாங்க என்று கேட்டான். கேமரா எண்ணியது என்றார்.

இரண்டாம் நாள் காலைதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

குண்டல்பேட்டையில் தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்பினோம். பந்திப்பூர் ரோட்டிலும் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை தடை, அது 2009-லிருந்தே உண்டு, ஆம்புலன்சும் ஒரு சில பஸ்களும் மட்டும் போகலாம். மேலுக்காமனஹள்ளியில் காடு ஆரம்பித்தால் கூடலூருக்கு முன்னால் தொரப்பள்ளி வரைக்கும் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், வழியெல்லாம் வேகத்தடை. நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது, இரண்டு பக்கமும் பலகை. சரியான விதி, நான் முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். அம்மா லாட்ஜிலேயே மாத்திரை போட்டுவிட்டார், நான்தான் போடச் சொன்னேன். வழியில் ஒரு சாவடியில் கழிப்பறை இருப்பதைப் பார்த்து நிறுத்தினேன். எந்தச் சாவடி என்று எழுதப் போவதில்லை, அங்கே இருந்தவர் நல்ல மனிதர், அவர் தலையில் விடியக் கூடாது. பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் எட்டு மணிக்கு மேல் வருவார், வந்தாலும் தண்ணீர் இல்லை, தொட்டி உடைந்து ரொம்ப நாளாச்சு என்றார். மகள் இறங்கவே இல்லை. அவளுக்கு அது மாதத்தின் அந்த நாட்கள் என்பது மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐம்பது வகை நாப்கின் விற்கிற கடை என்னுடையது, மாற்ற ஒரு கதவு வேண்டும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

சரி, முதுமலையில் யானை முகாம் இருக்கும் தெப்பக்காடு போய்விடலாம் என்று கிளம்பினேன். ஒவ்வொரு வேகத்தடையும் அம்மாவுக்கு ஒரு அடி. எட்டு பத்து கிலோமீட்டர் போயிருப்போம், "சாமி, வண்டிய எங்கயாச்சும் நிறுத்துடா, முடியல" என்றார். அந்தக் குரலில் அம்மா என்னிடம் எதையும் கேட்டதில்லை. நிறுத்தினேன். பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தின் நடுவில், தப்பு என்று தெரிந்தே, ஒரு வளைவுக்கு அப்பால் காரை ஓரம் கட்டினேன். மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காரின் மறைவில் உட்கார வைத்தாள், சேலையை விரித்துப் பிடித்தாள். மகன் ஜன்னல் வழியே, என்ன அழகா பூ பாருங்கப்பா என்று கத்தினான். ரோட்டோரம் முழுக்க ஆரஞ்சும் ரோஸுமாக உண்ணிப்பூ, அதற்குப் பின்னால் ஒன்றுமே தெரியாத பச்சைச் சுவர்.

வனத்துறை ஜீப் வந்துவிட்டது. இறங்கியவர் கன்னடம் கலந்த தமிழில் பிடி பிடி என்று பிடித்தார். அம்மாவைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். எதுவும் பேசாமல் என் தோளைத் தொட்டு, பதினைந்து அடி தள்ளி ஒரு இடத்தைக் காட்டினார். யானை லத்தி. நாலைந்து உருண்டை, வைக்கோல் நிறத்தில், காலைக் குளிரில் அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மூங்கில் முறிந்து, முறிந்த இடம் இன்னும் ஈரமாக வெள்ளையாக இருந்தது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, இந்தச் செடிக்குப் பின்னால்தான் நிற்கும், உங்களுக்குத் தெரியாது, அதற்கு உங்களைத் தெரியும் என்றார். எனக்கு முதுகு சில்லிட்டது. உள்ளே ஒரு கிளை முறியும் சத்தம் கேட்டதா, நான் பயத்தில் கேட்டுக்கொண்டேனா, இன்றைக்கு வரை தெரியவில்லை. அம்மாவை ஏற்றிக் கதவைச் சாத்தும் வரை அவர் நகரவில்லை, அபராதமும் போடவில்லை. போட்டிருந்தாலும் கட்டியிருப்பேன்.

அந்த உண்ணிச்செடி நம் ஊர்ச் செடி இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி, அழகுக்காக ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து வைத்தது, இன்று காட்டை மூடிக் கிடக்கிறது. அது அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது, மானுக்கும் யானைக்கும் தீனி போச்சு, ரோட்டில் போகிறவனுக்குப் பத்தடியில் நிற்கும் யானையும் தெரியாது. கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் அந்தக் குச்சியை வெட்டி நிஜ அளவு யானைகள் செய்து, 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் போய் நின்றன. அங்கே ஊஞ்சலும் இருந்திருக்கும். முதுமலைக்குள் நுழைந்ததும் இன்னொன்று, மரம் மரமாகத் தகதகவென்று மஞ்சள் பூ. இதுவும் வந்தேறிதான், ஒரு வகைக் கொன்னை. வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள், உங்கள் செய்தித்தாளிலேயே அந்த மரம் கொஞ்சம் இருந்தாலும் இருக்கும். நாங்கள் எடுத்த போட்டோக்களில் ரொம்ப அழகாக வந்தது இந்த இரண்டு பூவும்தான், என்ன சொல்ல.

தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு எட்டரைத் தீனிக்குப் போய்ச் சேர்ந்தோம். ராகிக் களியும் கொள்ளும் வேகவைத்து, வெல்லம் உப்பு சேர்த்துக் கட்டி கட்டியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். காவடி என்று சொல்லும் பாகனின் உதவியாளர் ஒருவர் இரண்டு கையாலும் உருட்டி, யானை வாயைத் திறக்க, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு வைக்கிறார். நம் வீட்டுப் பாட்டி பேரனுக்கு ஊட்டுகிற மாதிரிதான். இங்கே எடுத்து ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்துக்கு அப்புறம் கூட்டம் கூடிவிட்டது என்றார்கள். என் மகன் புலியை மறந்தான். அம்மா ஒரு ஓரமாக உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்பதை ஊட்டியில்தான் கவனித்தேன்.

மசினகுடி, கல்லட்டி வழியாக ஏறினோம். 36 வளைவு. அந்த வழியில் மேலிருந்து இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை, பிரேக் சூடாகி நடந்த விபத்துகள் அப்படி. மேலே ஏற ஏற முட்காடு போய், யூகலிப்டஸ் வந்து, காது அடைத்து, பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஊட்டியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, எல்லாரும் பார்த்ததுதான்.

இப்போது நான் அரசிடம் கேட்பது. காட்டுக்குள் எதுவும் கட்ட வேண்டாம். மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020-ல்தான் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அதே மசினகுடியில் எரியும் டயரை எறிந்து ஒரு யானையைக் கொன்றார்கள். ஆகவே உள்ளே ஒரு செங்கல்லும் வேண்டாம். காடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும், ஊர்ப் பக்கம், சோதனைச்சாவடியை ஒட்டிப் பெண்களுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள நாலு கழிப்பறை, கதவு திறக்கும் ஆறு மணிக்கே திறந்திருக்க வேண்டும், ஓர் ஆள் இருக்க வேண்டும். பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் குழுவிடம் கொடுங்கள், ஆளுக்குப் பத்து ரூபாய், இருபது ரூபாய் வாங்கட்டும், சந்தோஷமாகக் கொடுப்போம். அதன் வாசலில் ஒரு பலகை: அடுத்த கழிப்பறை முப்பது கிலோமீட்டரில், இங்கேயே போய்விட்டுப் போங்கள். அந்தப் பலகை ஒன்று இருந்திருந்தால் நான் எட்டு மணி வரை காத்திருந்து கிளம்பியிருப்பேன்.

2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் போக இ-பாஸ் எடுக்கிறோம். என் பெயர், வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்கல் எல்லாம் வாங்கிக்கொள்கிறீர்கள். அதே மொபைலுக்கு நாலு வரி அனுப்ப என்ன செலவு? காட்டு ரோட்டில் இறங்காதே, ஹாரன் அடிக்காதே, குரங்குக்குப் போடாதே, கழிப்பறை இந்த இந்த இடத்தில். கக்கநல்லா சாவடியில் என் கார் டிக்கியைத் திறந்து பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று தேடினார்கள், நல்லது, தேடட்டும். காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று 2022-ல் நீலகிரியில்தான் முதலில் கொண்டுவந்தார்கள், யானைக் காலில் கண்ணாடி குத்தக் கூடாது என்று. அதுவும் நல்ல காரியம். குடிக்கிறவன் பாட்டிலுக்கே இவ்வளவு யோசித்தவர்கள், நீர் மாத்திரை போட்ட கிழவிக்கும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இவ்வளவு வசதி செய்தால் இன்னும் கூட்டம் வரும், காடு கெடும் என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். கூட்டம் ஏற்கெனவே வந்தாயிற்று, நானே அதில் ஒருத்தன். ரோட்டில் நிற்கிற கார்களில் பாதி செல்பிக்கு நிற்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அன்றைக்குத் திரும்பி வரும்போது கவனித்துப் பார்த்தேன். ஓரம் கட்டிய மூன்று காரில் இரண்டில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குத் துணி பிடித்துக்கொண்டிருந்தாள். இவர்களை அபராதம் போட்டுத் தடுக்க முடியாது. சாலை முழுக்க கோபாலசாமி பெட்டா மாதிரி பஸ் மட்டும் விடுங்கள் என்று சொல்லவும் எனக்கு ஆசைதான், அது இரண்டு மாநிலம் பேச வேண்டிய விஷயம், கழிப்பறைக்கு ஒரு மேஸ்திரியும் ஒரு மோட்டாரும் போதும்.

ஆசிரியர் ஐயா, உங்கள் அடுத்த விடுமுறைப் பக்கத்தில் வழி போடும்போது, டிபன் கடைக்குப் போடுகிற மாதிரி இதற்கும் ஒரு குறி போடுங்கள். எங்கெங்கே திறந்திருக்கிறது, எத்தனை மணிக்கு, தண்ணீர் வருகிறதா. உங்கள் நிருபர் ஒருவர் ஒரு நாள் காரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், முடிந்தால் அவருடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகட்டும். தை மாதம் டாப்சிலிப் போகலாமா என்று மாமனார் இப்போதே கேட்கிறார். மகன் தயார். அம்மா, முதல்ல அங்க கக்கூஸ் எங்க இருக்குதுன்னு விசாரி சாமி, அப்புறம் சொல்றேன் என்கிறார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
ஈரோடு.